தொட்டால் போதுமா, தாண்ட வேண்டுமா? ஒரு பால் கொள்முதல் நிரலில் நேர்ந்த பிழை

இரண்டு சீட்டுகள். ஒரே நாள் சாயங்காலம், ஒரே மிஷினில், நாலு நிமிட இடைவெளியில் அச்சானவை. ஒன்றில் கொழுப்பு 3.6, விலை லிட்டருக்கு 33 ரூபாய். இன்னொன்றில் கொழுப்பு 4.0, விலை லிட்டருக்கு 26 ரூபாய். கொழுப்பு அதிகமான பாலுக்கு விலை குறைவு. இந்தச் சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பள்ளிக்கூடம் போனவர் இல்லை. ஆனால் எண் தெரியும்.

இடம், கே.வி.குப்பம் பக்கம் ஒரு கிராமம். லத்தேரியில் இறங்கி உள்ளே போக வேண்டும். மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்த பிறகும் அது வேலூரிலேயே நின்றுவிட்டது. அங்கிருக்கும் பெரியவர்கள் இன்னும் ‘வட ஆற்காடு’ என்றுதான் சொல்கிறார்கள். கிராமத்தில் ஒரு சிறிய பால் கொள்முதல் மையம் இருக்கிறது. ஏறக்குறைய நாற்பது வீடுகள் காலையும் மாலையும் பால் ஊற்றுகின்றன. அந்த மையத்துக்குச் சீட்டு போடும் கணினி நிரலை எழுதியது என்னிடம் பைத்தான் என்ற நிரல் மொழி படித்த ஒரு பையன். எழுதி முடித்ததும் என்னிடம் காட்டினான், நான் பார்த்துச் சரி என்று சொன்னேன். அதனால் இந்த ஆய்வில் எனக்கும் பங்கு உண்டு. யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. விலைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கொழுப்பு வரம்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் கதை முழுக்க அந்த வரம்புகளில்தான் இருக்கிறது.

நிரல் வருவதற்கு முன்

முன்பெல்லாம் நோட்டுதான். மையத்தைப் பார்த்துக்கொள்பவர் (பையன் அவரை அண்ணா என்பான், நானும் அப்படியே சொல்கிறேன்) பாலை அளந்து, கலக்கி, சாம்பிள் எடுத்து, மிஷினில் வைத்து, வந்த எண்ணை நோட்டில் எழுதுவார். பக்கத்திலேயே விலையையும் மனதில் போட்டு எழுதிவிடுவார். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. அந்த ராத்திரி மட்டும் கூட்டிக் கழித்து முடிக்கப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். அந்த வேலையைக் குறைக்கத்தான் நிரல் வந்தது.

பையன் முறையாகத்தான் ஆரம்பித்தான். அண்ணனிடம் உட்கார்ந்து விதியைக் கேட்டு, மாட்டுத்தீவனம் வாங்கிய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். அந்தத் தாளை நான் பிறகு பார்த்தேன். அண்ணன் வாயில் வந்தது அப்படியே இருந்தது:

“நாலுக்கு மேல போனா முப்பத்தாறு. மூன்றரைல இருந்து நாலு வரைக்கும் முப்பத்துமூணு. மூணுல இருந்து மூன்றரை வரைக்கும் முப்பது. மத்ததெல்லாம் தண்ணிப் பாலு, இருபத்தாறு போட்டுடு.”

படிக்கிறவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். சரியாக 4.0 வந்தால் என்ன விலை? இந்த நாலு வாக்கியத்தை வைத்துப் பதில் சொல்லிப் பாருங்கள்.

முதல் நாள் வந்த பிழை

ஓட்டிப் பார்த்த முதல் நாளே ஒரு தப்பு வந்தது. எருமைப் பாலுக்குத் தனி விலை. மாட்டின் வகையை ‘எருமை’ என்றோ, அவசரத்தில் வெறும் ‘எ’ என்றோ தட்டலாம் என்று வைத்திருந்தான். நிபந்தனையை இப்படி எழுதிவிட்டான்: வகை == "எருமை" அல்லது "எ". மனிதக் காதுக்கு இது சரியாகவே கேட்கும். பைத்தான் இதை இரண்டு தனிக் கேள்விகளாகப் பிரிக்கும். வகை எருமையா என்பது ஒன்று. "எ" என்பது உண்மையா என்பது இன்னொன்று. காலியாக இல்லாத எந்தச் சொல்லையும் பைத்தான் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். ஆக, கேள்வி என்னவாக இருந்தாலும் பதில் ‘ஆம்’. ஊரிலிருந்த பசுவெல்லாம் எருமை ஆனது. முதல் மூன்று சீட்டிலேயே கூச்சல் கிளம்பியது, பத்து நிமிடத்தில் திருத்திவிட்டான். வகை == "எருமை" அல்லது வகை == "எ" என்று ஒவ்வொரு பக்கத்தையும் முழுசாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம், கத்துகிற பிழை பெரிய ஆபத்து இல்லை. அது தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் திருத்தியதும் எங்கள் இருவருக்கும் ‘எல்லாம் சரியாகிவிட்டது’ என்ற நினைப்பு வந்துவிட்டதுதான் பின்னால் வந்ததற்கு வழி விட்டது.

பதினோரு நாள்

அடுத்து வந்த பிழை வாயே திறக்கவில்லை. பதினோரு நாள் ஓடியது. ஏன் யாரும் பார்க்கவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்ததில் மூன்று காரணங்கள் கிடைத்தன. மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

ஒன்று, ஒரே மாட்டின் பால் ஒரே அளவில் நிற்பதில்லை. ராத்திரி இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் அதிகமாகவும் கொழுப்பு கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். சாயங்காலப் பாலில் கொழுப்பு கூடும். தீவனம் மாறினால் மாறும். கலப்பின ஜெர்சி ஒரு மாதிரி கொடுக்கும், கறுப்பு வெள்ளை ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) மாடு இன்னொரு மாதிரி கொடுக்கும். அதனால் விலை ஏறி இறங்குவது பால் ஊற்றுகிறவர்களுக்குப் பழகிய விஷயம். ஒரு வேளை குறைந்தால், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள்.

இரண்டு, மிஷின் இரண்டு தசம இடம் காட்டும். நோட்டில் ஒரு இடம்தான் எழுதுவார்கள் என்பதால் நிரலும் ஒரு இடத்துக்குச் சுருக்கியது. 3.97 வந்தாலும் 4.02 வந்தாலும் நிரலுக்கு அது 4.0. சரியாக நாலில் நிற்கும் பால் அபூர்வம் என்றுதான் நானும் நினைத்தேன். சுருக்கிய பிறகு அது அபூர்வமே இல்லை.

மூன்றாவது காரணம் கூச்சம். அந்த ஊரில் 26 ரூபாய் என்பது வெறும் விலை இல்லை. ‘தண்ணி கலந்த பால்’ என்று பொருள். 26 போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு போய் ஏன் என்று கேட்டால், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் காதில் விழும். “தண்ணி ஊத்தினியா?” என்று யாராவது கேட்டுவிட்டால் தலை குனிவு. தண்ணீரே கலக்காதவர்கள்கூடச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறார்கள். பிறகு விசாரித்தபோது ஒருவர் சொன்னார்: “மாடு தண்ணி நெறைய குடிச்சிருக்கும்னு நெனச்சிக்கினேன் சார்.”

அந்த அம்மா மட்டும் மடித்து வைக்கவில்லை. பட்டுவாடாவில் பணம் குறைந்து வந்ததால் பத்து நாள் சீட்டையும் சுருக்குப் பையிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னா கண்ணு, அவ பாலு மூணு ஆறு. என் பாலு நாலு. நாலு பெருசா, மூணு ஆறு பெருசா? நீயே சொல்லு.”

அண்ணன் சீட்டைப் பார்த்தார். “மிஷின் கழுவல பெரிம்மா, அதான் அப்படி. நாளைக்குப் பாக்கலாம்.”

“மிஷின் தப்புன்னா நாலுன்னு ஏன் காட்டுது? காசுதானே கம்மியா கீது?”

இந்த ஒரு கேள்வியிலேயே விசாரணை பாதி முடிந்துவிட்டது. அளவு சரி, விலைதான் தப்பு என்று அவர் பிரித்துச் சொல்லிவிட்டார். எங்களுக்குத்தான் அது புரிய ஒரு நாள் ஆனது.

யார் மேல் பழி

முதலில் மிஷின் மேல். சோடா போட்டுக் கழுவினார்கள், அமிலம் விட்டுக் கழுவினார்கள். மறுபடியும் 4.0. சந்தேகம் தீரவில்லை. அலமாரியில் பழைய கெர்பர் சோதனைக் குழாய்கள் இருந்தன. அண்ணனின் அப்பா அந்த முறையை மறக்கவில்லை. குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் மெதுவாக 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடி, குலுக்கி, கைச்சுழலியில் சுற்றி, வெந்நீரில் வைத்து எடுத்தார். அமிலம் மற்றதையெல்லாம் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் மஞ்சளாகக் குழாயின் கழுத்தில் ஏறி நின்றது. கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். நாலு என்ற கோடு.

மிஷின் பொய் சொல்லவில்லை. அடுத்து மாட்டின் மேல் பழி போட முடியாது, ஏனென்றால் பாலில் குறையே இல்லை. அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது.

திண்ணையில் நிரலைப் படித்தது

பையன் எழுதியது பைத்தானில். இங்கே தமிழ் படிக்கிறவர்களுக்காக எழில் மொழியின் சொற்களை வைத்து எழுதிக் காட்டுகிறேன். எழில், முத்து அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல் மொழி. பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் இஃப் (‘இப்படி இருந்தால்’) என்பதற்கு ‘ஆனால்’, எல்ஸ் (‘இல்லாவிட்டால்’) என்பதற்கு ‘இல்லை’, இரண்டுக்கும் நடுவில் வருவதற்கு ‘இல்லைஆனால்’. நிபந்தனை முன்னால், ‘ஆனால்’ பின்னால். ‘மழை வந்தால்’ என்று நாம் பேசுகிற வரிசையும் அதுதானே. நிபந்தனை தமிழில் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் வரும் && என்றால் இரண்டு பக்கமும் உண்மையாக இருக்க வேண்டும்.

@( கொழுப்பு > 4.0 ) ஆனால்
  விலை = 36
@( (கொழுப்பு > 3.5) && (கொழுப்பு < 4.0) ) இல்லைஆனால்
  விலை = 33
@( (கொழுப்பு > 3.0) && (கொழுப்பு < 3.5) ) இல்லைஆனால்
  விலை = 30
இல்லை
  விலை = 26
முடி

திண்ணையில் உட்கார்ந்து, பையனிடம் சொன்னேன்: “நீ கம்ப்யூட்டர். உன்கிட்ட 4.0 வருது. மேல இருந்து படி.”

“4.0, நாலை விடப் பெரிசா? இல்லை சார். அடுத்தது. 3.5-ஐ விடப் பெரிசா? ஆமாம். நாலை விடச் சின்னதா?” என்று வந்தவன் நின்றுவிட்டான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “இல்லை சார்.” மூன்றாவது வரியும் இல்லை. நேராகக் கடைசிப் படிக்கு உருண்டு விழுந்தது. 26.

3.5 வந்தாலும் இதே கதி, 3.0 வந்தாலும் இதே கதி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வயல், அந்தப் பக்கம் ஒரு வயல், வேலி மேல் நிற்பவருக்கு எந்த வயலும் இல்லை.

ஏன் இரண்டு பக்கமும் வெறும் > மற்றும் < போட்டான் என்று கேட்டேன். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு போட்டேன் சார்.” பார்ப்பதற்கு அழகாக இருந்தது, உண்மைதான். எனக்கும் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு குறியீட்டை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எந்தக் குறியீடு? 4.0-க்கு 36-ஆ, 33-ஆ? தீவன பில்லின் பின்பக்கத்தை மறுபடி எடுத்தோம். ‘நாலு வரைக்கும் முப்பத்துமூணு’ என்று இருக்கிறது. அப்படிப் பார்த்தால் 33. பழைய நோட்டைப் புரட்டினோம். 4.0 வந்த ஒவ்வொரு முறையும் அண்ணன் கையால் 36 எழுதியிருக்கிறார். ஒரு தடவைகூட 33 இல்லை.

ஆக, வாய் சொன்னது 33. கை எழுதிவந்தது 36. நிரல் கொடுத்தது 26. ஒரே பாலுக்கு மூன்று விலை.

பிழை எங்கே பிறந்தது

பிழை பைத்தானில் பிறக்கவில்லை. பையனின் விரலிலும் பிறக்கவில்லை. அண்ணன் பேசிய தமிழுக்கும் பையன் கேட்ட தமிழுக்கும் நடுவில் பிறந்தது.

‘நாலுக்கு மேல’ என்று பேச்சில் சொன்னால் நாலும் சேர்ந்ததா இல்லையா? ஆளுக்கு ஆள் மாறும். ‘பத்தாயிரத்துக்கு மேல சம்பளம்’ என்றால் சரியாகப் பத்தாயிரம் வாங்குகிறவர் அதில் உண்டா? ‘அஞ்சு மணி வரைக்கும் திறந்திருக்கும்’ என்றால் அஞ்சு அடிக்கும்போது கதவு திறந்திருக்குமா? பேச்சில் இது யாருக்கும் தடையில்லை, ஏனென்றால் கேட்கிறவர் எதிரில் இருக்கிறார், சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்பார். நிரல் திருப்பிக் கேட்காது.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. வேலை வாய்ப்பு விளம்பரத்தில் ‘18 வயதுக்குக் குறையாமல், 35 வயதுக்கு மிகாமல்’ என்று போடுவார்கள். ‘குறையாமல்’ என்பது அச்சு அசலாக >=. ‘மிகாமல்’ என்பது <=. ஒரு குழப்பமும் கிடையாது. ‘உட்பட’, ‘நீங்கலாக’ என்ற சொற்கள் பத்திரங்களில் காலங்காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. இதெல்லாம் எழுத்துத் தமிழ், அண்ணனிடம் ‘மிகாமல்’ என்று கேட்டால் சிரிப்பார் என்று பையன் சொன்னான். சரி, பேச்சுத் தமிழில்? அங்கேயும் இருக்கிறது. தொடுவது, தாண்டுவது.

“அண்ணா, நாலைத் தொட்டா போதுமா, தாண்டணுமா?”

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “தொட்டா போதும்பா.”

பதினோரு நாள் பிரச்சினைக்கு ஒரு விநாடியில் பதில். தொட்டால் போதும் என்றால் >=. தாண்ட வேண்டும் என்றால் >. இதற்குப் பிறகு என் வகுப்பில் நான் ‘கிரேட்டர் தேன் ஆர் ஈக்குவல் டு’ என்று முதலில் சொல்வதில்லை. தொடுவதையும் தாண்டுவதையும் சொல்லிவிட்டுத்தான் குறியீட்டுக்கு வருகிறேன்.

தொடுவதற்கும் தாண்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நம் வீட்டு மின்கட்டணமே காட்டும். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (பிறகு விகிதங்கள் மாறிவிட்டன). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மிகாமல் இருந்தால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். 500-ஐத் தொட்டு நின்றால் 225, 900, 600 கூட்டி 1,725 ரூபாய். 501 ஆகிவிட்டால் அட்டவணையே வேறு. 100 இலவசம் போக 300 யூனிட்டுக்கு 4.50, 100-க்கு 6, அந்த ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். இந்தக் கணக்கைப் போடும் நிரலில் 500-க்குப் பக்கத்தில் > போடுவதா >= போடுவதா என்பது ஒரு குடும்பத்தின் 233 ரூபாய். கட்டண ஆணையில் இருக்கும் சொல்லைப் பார்க்காமல், பழக்கத்தில் விரல் போன பக்கம் போடக் கூடாத இடம் அது.

‘இல்லை’ என்ற கடைசிப் படி

எல்லைக் குறியீடு தவறியது பாதிப் பிழைதான். மீதிப் பாதி, கடைசியில் இருந்த ‘இல்லை’. அண்ணன் ‘மத்ததெல்லாம் தண்ணிப் பாலு’ என்று சொன்னார். பையன் அதை எல்ஸ் என்று மொழிபெயர்த்தான். அண்ணன் மனதில் ‘மற்றது’ என்றால் மூன்றுக்கும் கீழே உள்ளது. நிரலில் ‘மற்றது’ என்றால் மேலே எதிலும் சிக்காதது எல்லாமே. எல்லையில் நின்ற நல்ல பால், கழுவிவிட்டுத் துடைக்காத மிஷின் காட்டிய பூஜ்ஜியம், எல்லாம் ஒரே குழியில் விழும். விழுந்ததெல்லாம் ‘தண்ணிப் பால்’ என்ற பெயரோடு வெளியே வரும்.

நாம் எண்ணிப் பார்க்காத நிலைக்குக் கூச்சமில்லாமல் ஒரு பதில் கொடுக்கிற இடமாக எல்ஸ் ஆகிவிட்டால், பிழை வெளியே தெரியவே தெரியாது. அந்த இடத்தில் ‘எனக்குத் தெரியவில்லை, ஆளைக் கூப்பிடு’ என்று எழுதியிருந்தால் முதல் நாள் முதல் 4.0 வந்தபோதே நிரல் நின்றிருக்கும். வரிசை ஐந்து நிமிடம் தேங்கியிருக்கும், அவ்வளவுதான். ஒருவர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று ஒரு மிஷின் எழுத்து மூலம் சொல்லியிருக்காது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தச் சீட்டை மடித்துச் செருகிக்கொண்டு போனவரின் அந்தச் சாயங்காலத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

திருத்தியது

@( கொழுப்பு > 6.0 ) ஆனால்
  செய்தி = "சாம்பிள் மறுபடி எடு"
@( கொழுப்பு >= 4.0 ) இல்லைஆனால்
  விலை = 36
@( கொழுப்பு >= 3.5 ) இல்லைஆனால்
  விலை = 33
@( கொழுப்பு >= 3.0 ) இல்லைஆனால்
  விலை = 30
@( கொழுப்பு >= 1.0 ) இல்லைஆனால்
  விலை = 26
இல்லை
  செய்தி = "அளவு தவறு, ஆளைக் கூப்பிடு"
முடி

இரட்டை நிபந்தனைகள் எல்லாம் போய்விட்டன. மேலிருந்து கீழே இறங்குகிற படிக்கட்டில் அவை தேவையே இல்லை. 3.5-ஐத் தொட்டதா என்ற கேள்விக்கு வருகிற பால், நாலைத் தொடவில்லை என்று மேல்படியிலேயே முடிவாகிவிட்டது. அதை மறுபடி கேட்பது வீண். வீண் மட்டுமில்லை, அப்படி மறுபடி கேட்ட இடத்தில்தான் பிழையே புகுந்தது. ஒரு எல்லையை இரண்டு இடத்தில் எழுதினால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரே இடத்தில் எழுதினால் அந்தக் கவலை இல்லை.

ஆனால் இந்தப் படிக்கட்டில் வரிசை மாறக் கூடாது. 3.0 படியை மேலே கொண்டுபோய் வைத்தால், 4.2 பாலும் அங்கேயே பிடிபட்டு 30 வாங்கிக்கொண்டு போய்விடும். கீழே இருக்கும் படிகளை யாரும் மிதிக்கவே மாட்டார்கள். பையனை அப்படி மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், அவன் கண்ணால் பார்க்கட்டும் என்று.

சிலருக்கு 3.5 <= கொழுப்பு < 4.0 என்று கணக்கு நோட்டில் எழுதுவது மாதிரி எழுதத்தான் பிடிக்கும். பைத்தானில் தாராளமாக எழுதலாம், சரியாக வேலை செய்யும். அதே வரியைச் சி மொழியில் எழுதிவிடாதீர்கள். அங்கே முதல் பாதிக்கு 0 அல்லது 1 என்று பதில் வந்து, அந்த 0 அல்லது 1 நாலை விடச் சிறியதா என்று பார்க்கும். எப்போதும் சிறியதுதான். நிரல் ஓடும், பதில் மட்டும் எப்போதும் ‘ஆம்’.

மேலே 6.0 என்று ஒரு படி சேர்த்தது அண்ணனின் யோசனை. பசும்பாலில் அவ்வளவு கொழுப்பு காட்டினால், பெரும்பாலும் கேனைக் கலக்காமல் மேலாக அள்ளியிருப்பார்கள், ஆடை வந்திருக்கும் என்றார். இது நிரல் எழுதுகிறவனுக்குத் தானாகத் தோன்றாத நிபந்தனை. கேன் மூடியைத் திறந்து பழகியவருக்குத்தான் தோன்றும்.

என்னுடைய தவறு

நான் நிரலைப் பார்த்தபோது எண்கள் கொடுத்துச் சோதிக்காமல் இல்லை. 2.5, 3.2, 3.7, 4.3 கொடுத்தேன். நாலும் சரியாக வந்தன. நாலுமே வயலின் நடுவில் இருக்கிற எண்கள். வேலி ஓரம் நான் போகவே இல்லை. நடுவில் தப்பு நடப்பது அபூர்வம், அங்கே யார் எழுதினாலும் சரியாகத்தான் வரும். இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவனே செய்யாமல் விட்டேன்.

இப்போது ஒரு அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு எல்லைக்கும் மூன்று எண்கள்: 2.9, 3.0, 3.1. 3.4, 3.5, 3.6. 3.9, 4.0, 4.1. கூடவே 0, 0.9, 1.0, 6.0, 6.1, அப்புறம் புள்ளி விட்டுப்போன 40. ஒவ்வொன்றுக்கும் எதிரே வர வேண்டிய விலையை எழுதியது நானோ பையனோ இல்லை, அண்ணன். நிரலைப் பார்க்காமல், தன் மனதிலிருந்து எழுதினார். பிறகுதான் ஓட்டிப் பார்த்தோம். நிரலை எழுதியவனே எதிர்பார்க்கும் விடையையும் எழுதினால், அவன் தவறாகப் புரிந்துகொண்டது இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். சோதனை வெற்றி என்றுதான் வரும்.

இன்னொரு மாற்றமும் செய்தோம். கொழுப்பைத் தசமமாக வைக்காமல் பத்தால் பெருக்கி முழு எண்ணாக வைத்தோம். 4.0 என்பது 40. கணினி தசமங்களை இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்ட முறையில்) வைப்பதால் 1.1-ஐயும் 2.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 3.3000000000000003 என்று காட்டும். எங்கள் பிழைக்கு இது காரணம் இல்லை. ஆனால் இரண்டு வேளைக் கொழுப்பைச் சராசரி எடுக்க வேண்டும் என்று நாளைக்கு அண்ணன் சொன்னால், எல்லைக் கோட்டில் இந்தத் துளி வந்து நிற்கும். விலையையும் அதே மாதிரி பைசாவாக வைத்துவிட்டோம்.

பாக்கி

நல்ல வேளையாக நிரல் ஒவ்வொரு சீட்டையும் சேமித்து வைத்திருந்தது. கேட்டு வந்த அம்மாவுக்கு மட்டும் கொடுத்துவிடலாம் என்பதுதான் முதலில் எழுந்த பேச்சு. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய 870 சீட்டுகளையும் புதிய படிக்கட்டில் மறுபடி ஏற்றினான். 4.0 வந்தவை 29, 3.5 வந்தவை 54, 3.0 வந்தவை 8. மொத்தம் 91 சீட்டுகளில் விலை தப்பு. கேட்டு வந்தவர் ஒருவர். கேட்காமல் போனவர்கள் இருபத்து இரண்டு வீடு.

அடுத்த பட்டுவாடாவில் அவர்கள் எல்லாருடைய கணக்கிலும் ‘பழைய பாக்கி’ என்று ஒரு வரி வந்தது. அண்ணன் வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தண்ணிப் பாலுன்னு போட்டது மிஷின் தப்பும் இல்ல, உங்க தப்பும் இல்ல. எங்க கணக்குல தப்பு.” அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டது பையன்தான்.

போன வாரம் அண்ணன் புதிதாக ஒரு விதி கேட்டிருக்கிறார். கொழுப்பு மட்டும் போதாது, எஸ்.என்.எஃப்.-ம் (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) பார்க்க வேண்டும், எட்டரை இருந்தால் ஒரு ரூபாய் கூடுதல். பையன் போனில் கூப்பிட்டு என்னிடம் நிபந்தனையைப் படித்துக் காட்டினான். எட்டரைக்குப் பக்கத்தில் இன்னும் குறியீடு போடவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறான். அண்ணன் வேலூருக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் பால் நேரத்துக்கு வந்துவிடுவார், நேரில் கேட்டுக்கொண்டு போடுகிறேன் என்றான்.